லாபம் எங்கிருந்து வருகிறது? திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கும் உள்நாட்டு பனியன் உற்பத்தியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் பவர்டேபிள் யூனிட்டுகளுக்கும், அதாவது உங்கள் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னத் தையல் கூடங்களுக்கும், மற்ற வேலைகளைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் சில சின்ன ஜாப் ஒர்க் கம்பெனிகளுக்கும் கணக்கு எழுதுகிறவன். அந்த வேலையாக உங்களில் பலருடைய அலுவலகங்களுக்கு பில்லோடு வந்து போகிறவன். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் எனக்கு இந்தப் பக்கமும் இடமில்லை, அந்தப் பக்கமும் இடமில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பணம் எப்படி நகர்கிறது, எங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதை நாள் தவறாமல் எழுதி வைக்கிறேன். அந்தக் கணக்கை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நம் ஊரில் முடியாத ஒரு வழக்கு இருக்கிறது. முதலாளி நாலு காசு லாபம் பார்த்தால்தான் நாலு பேருக்கு வேலை என்று நீங்கள் சொல்வீர்கள். லாபத்தின் மேல் இருக்கிற வெறிதான் ஆளையும் குறைக்கிறது, கூலியையும் அமுக்குகிறது என்று தொழிற்சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். இரண்டு பேச்சையும் கேட்டு வளர்ந்தவன் நான். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அந்த லாபம் எங்கிருந்து வந்தது?

ஆர்டர் கொடுக்கிற புது பையரைப் பிடித்து, நல்ல துணி போட்டு, சொன்ன தேதிக்கு அனுப்பி, வேஸ்டேஜைக் குறைத்து வந்த லாபம் ஒன்று. ஜாப் ஒர்க் செய்தவனின் பில்லை நாலு மாதம் நிறுத்தி வைத்து, ஒரு உருப்படிக்கான கூலியான பீஸ் ரேட்டில் இருபது பைசா கழித்து, குறை சொல்லிப் பில்லில் பிடித்தம் செய்யும் டெபிட் நோட்டு போட்டு வந்த லாபம் இன்னொன்று. முதலாவது ஊருக்கு வெளியிலிருந்து ஊருக்குள் வருகிற பணம். அது வேலையைப் பெருக்கும். இரண்டாவது ஊருக்குள்ளேயே ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுகிற பணம். அது வேலையைத் தின்றுவிடும். லாப நட்டக் கணக்கில் இரண்டும் ஒரே வரியில் வந்து உட்கார்ந்துகொள்வதால், வருடக் கடைசியில் உங்கள் கண்ணுக்கே வித்தியாசம் தெரியாமல் போகிறது.

முதல் வகை லாபம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு நம் ஊரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1978ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடி இங்கே வந்தார். 1981ல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ வந்தது. 1985 வாக்கில் ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 2024-25ல் ஏறக்குறைய 40,000 கோடி. நடுவில் நடந்தது என்ன என்பது உங்கள் அப்பாக்களுக்கும் பெரியப்பாக்களுக்கும் தெரியும். உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்து வந்த காசை ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின்களில் போட்டார்கள். அதில் வந்ததைத் துணி பின்னும் நிட்டிங்கில் போட்டார்கள். அப்புறம் சாயம் போடும் டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி. நிலத்தை அடமானம் வைத்தவர்கள் உண்டு, வீட்டம்மாவின் நகையை வைத்தவர்கள் உண்டு. கட்டிங் டேபிளில் நின்ற மாஸ்டரும், மிஷினில் உட்கார்ந்த டைலரும் பங்கு சேர்ந்து தனியாகக் கம்பெனி போட்டார்கள். உங்களில் சிலரே அப்படி வந்தவர்கள்தான். ஆறு லட்சம் பேருக்கு மேல் இந்த ஊரில் வேலை செய்கிறார்கள் என்று இன்று உங்கள் சங்கங்கள் பெருமையாகச் சொல்வது, அன்றைக்கு வந்த லாபம் ஊருக்குள்ளேயே திரும்பத் திரும்ப இறங்கியதால் வந்தது.

ஆகவே லாபம் பாவம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லாபம் இல்லாத யூனிட்டுக்கும் நான் கணக்கு எழுதியிருக்கிறேன். அங்கே வாரம் ஒரு ஆளாகக் குறைந்துகொண்டே வருவதுதான் நடக்கும்.

கூலி கூடினால் தொழில் போய்விடும் என்ற பயத்துக்கும் நம் ஊர் வரலாறே பதில் சொல்கிறது. 1984ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அத்தோடு ஊர் முடிந்தது என்று பேசியவர்கள் உண்டு. ஏற்றுமதி எகிறியது அதற்குப் பிறகுதான். ஆனால் அதே காலத்தில் இன்னொரு பழக்கமும் வேர் பிடித்தது. ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளாமல், வேலையைத் துண்டு துண்டாக வெளியே கொடுப்பது. இன்று ஒரு டி-சர்ட் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒன்பது கைகளைத் தாண்டுகிறது. லேபிள், எலாஸ்டிக், பாலிபேக், அட்டைப்பெட்டி இதெல்லாம் தனி. இந்தப் பிரிவினை நல்லதுதான், ஒரு ஆர்டரில் நூறு குடும்பம் பிழைக்கிறது. ஆனால் லாபம் குறைகிறபோது அமுக்குவதற்கு ஒரு வசதியான இடமும் அதனாலேயே உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

அந்த இடம் எப்படி இருக்கும் என்று ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். நம் ஊரில் சம்பளம் சனிக்கிழமை. வேலம்பாளையம் பக்கம் 16 மிஷின் வைத்து பவர்டேபிள் நடத்துகிற ஒருவர், மதியச் சாப்பாடு கூட இல்லாமல் ஒரு ஏற்றுமதி கம்பெனியின் பில் செக்‌ஷன் வாசலில் நிற்கிறார். நானும் உடன் நிற்கிறேன். டைலர், செக்கிங், கைமடி உதவியாள் எல்லாம் சேர்த்து அவரிடம் 25 பேர், வாரச் சம்பளம் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம். ஐந்து மணிக்கு அக்கவுண்டன்ட் வெளியே வந்து, "பார்ட்டி பேமெண்ட் வரலீங்ணா, திங்கக்கிழமை பாத்துக்கலாமுங்க" என்கிறார். மரியாதையாகத்தான் சொல்கிறார், அவர் மேல் குற்றமில்லை. பவர்டேபிள்காரருடைய செல்போன் விடாமல் அடிக்கிறது. சம்பளம் வாங்கி ரேஷன், வாடகை, பிள்ளைக்கு மருந்து என்று கணக்குப் போட்டு யூனிட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர் நேராக பைனான்ஸ்காரரிடம் வண்டியை விட்டார். சம்பளம் ராத்திரி ஒன்பதரைக்குப் போட்டு முடித்தோம்.

இப்போது அந்தக் கணக்கைப் பாருங்கள். வாரம் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்கு அவர் பில் போடுகிறார். பன்னிரண்டு வார பில் நிலுவை. கிட்டத்தட்ட 17 லட்சம் ரூபாய் உங்கள் பக்கம் நிற்கிறது. அதில் கைக்காசு போக 10 லட்சம் வெளியில் வாங்கியது, இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 20,000 ரூபாய். அவருடைய யூனிட்டில் ஒரு ஆளின் மாதச் சம்பளத்துக்குச் சரியாக வருகிறது. அதாவது நீங்கள் பில்லை நிறுத்தி வைத்த ஒரே காரணத்தால், 25 பேர் வேலை செய்கிற இடத்தில் ஒருவருடைய கூலி மாதாமாதம் வட்டிக்கடைக்குப் போகிறது.

இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. உங்களுக்கு வங்கியில் பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி வாங்கும் கடன், இருக்கிறது. அதன் வட்டி, பவர்டேபிள்காரர் கட்டுகிற 24 சதவிகிதத்தில் பாதிகூட வராது. குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிற நீங்கள், அதிக வட்டிக்குக் கடன் வாங்குகிறவரிடம் வட்டியில்லாக் கடன் வாங்குகிறீர்கள். உங்களுக்கு இதில் மிச்சமாவது கொஞ்சம். அவருக்குப் போவது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஊரை ஒரே கம்பெனியாக நினைத்துக் கூட்டிப் பார்த்தால் இது சுத்தமான நட்டம். இதைச் செய்து வந்த லாபத்தை லாபம் என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

அந்த யூனிட் கதை அங்கே முடியவில்லை. சம்பளம் தள்ளிப்போகிற இடத்தில் நல்ல டைலர் நிற்க மாட்டார். முதலில் பேட்லாக் டைலர்கள் இரண்டு பேர் போனார்கள். ஓவர்லாக் முடிந்த பீஸ்கள் பேட்லாக்குக்கு ஆளில்லாமல் கட்டுக் கட்டாகத் தரையில் கிடந்தன. டெலிவரி தள்ளிப்போனது, டெபிட் நோட்டு வந்தது. கடைசியில் ஆறு மிஷின்களைப் பழைய மிஷின் கடையில் விற்றார். இப்போது பத்து மிஷின், பதினைந்து பேர். அவருக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனி நஷ்டத்தில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறது.

"பையர் எங்களுக்கே தொண்ணூறு நாள் கழித்துத்தானே கொடுக்கிறான்" என்பீர்கள். தெரியும். வெளிநாட்டுக்காரர் விலையையும் அமுக்குகிறார், தவணையையும் நீட்டுகிறார், கடைசி நேரத்தில் தள்ளுபடியும் கேட்கிறார். நூல் விலை மாதத்துக்கு மாதம் ஏறிய 2021-22ல் நீங்கள் பட்ட பாட்டைப் பில்களில் பார்த்திருக்கிறேன். 2022 மே மாதம் ஊரே கடையடைத்தபோது அதில் நியாயம் இருந்தது. ஆனால் தாமதத்தைத் தாங்க உங்களிடம் வங்கி இருக்கிறது, சொத்து இருக்கிறது, பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்கும் பில் டிஸ்கவுண்டிங் இருக்கிறது. விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் சிறு நிறுவனங்களின் பில்லுக்குப் பணம் ஏற்பாடு செய்யும் ட்ரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவே வந்துவிட்டது. உங்கள் பெயரில் இருக்கிற பில்லை அங்கே ஏற்றினால், உங்கள் நாணயத்தை நம்பி வங்கி சிறு யூனிட்டுக்குச் சில நாளில் பணம் கொடுத்துவிடும். எல்லாத் தாமதத்தையும் தாங்க வழியே இல்லாத ஆளின் தலையில் இறக்கி வைப்பதற்கு, பையர் மோசம் என்பது பதிலாகாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2006ல் வந்த குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இந்த வட்டியைக் கேட்டு ஒரு பவர்டேபிள்காரர் வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. போட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் வருமான வரியில் 43பி(எச்) என்று ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள். 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டி நிற்கிற பாக்கியை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. அந்த மார்ச் மாதம், பழைய பாக்கியெல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுந்ததைப் பார்த்தேன். பணம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதே மாதம் ஒரு கம்பெனியில் என்னிடம், உங்கள் பார்ட்டி சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொன்னார்கள். சட்டம் கொடுத்த ஒரே பாதுகாப்பையும் கழற்றி வைத்துவிட்டு வா என்றால், அந்த மனிதர் எதை நம்பி இன்னும் நாலு மிஷின் போடுவார்?

இந்தக் குறை திருப்பூரோடு நிற்கவில்லை. 2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனிகளுக்கான வருமான வரியை 30லிருந்து 22 சதவிகிதமாகக் குறைத்தது. அப்போது புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிக்கு 15 என்று வைத்தது. லாபம் கையில் மிஞ்சினால் முதலீடு வரும், வேலை வரும் என்பது எதிர்பார்ப்பு. 2024-25க்கான பொருளாதார ஆய்வறிக்கை, அதாவது அரசே வெளியிட்ட அறிக்கை, நிஃப்டி 500 கம்பெனிகளைப் பற்றி, அதாவது பங்குச்சந்தையின் பெரிய 500 கம்பெனிகளைப் பற்றி, என்ன சொன்னது தெரியுமா? 2023-24ல் அவற்றின் லாபம் 22.3 சதவிகிதம் உயர்ந்தது, வேலையாட்கள் எண்ணிக்கை 1.5 சதவிகிதம்தான் உயர்ந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இந்தக் கம்பெனிகளின் லாபத்தின் பங்கு 2002-03ல் 2.1 சதவிகிதமாக இருந்தது, 2023-24ல் 4.8 ஆகிவிட்டது. லாபம் வந்தால் வேலை தானாக வரும் என்பவர்கள் இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். தானாக வராது. யாராவது ஒருவர் அந்த லாபத்தை எடுத்து மிஷினிலும் ஆளிலும் போட முடிவு செய்தால்தான் வரும்.

நம் ஊரில் பங்குதாரர் நிறுவனங்கள்தான் அதிகம் என்பதால் அந்த வரிக் குறைப்பு நமக்குப் பெரிதாக உதவவில்லை. ஆனால் நம் லாபம் எங்கே போகிறது என்ற கேள்வி நமக்கும் உண்டு. அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் காலி மனைகளுக்கு வேலி போட்டபடி இருக்கிறோம். பங்குதாரர் கணக்கிலிருந்து பணம் எடுத்து இடம் வாங்கியதாக எழுதப்படும் வரிகள் எனக்குப் புதிதல்ல. பிள்ளைகளுக்குச் சொத்து சேர்ப்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. அது உங்கள் உரிமை. ஆனால் ஜாப் ஒர்க்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் நிலுவையில் நிற்கும்போது வாங்குகிற மனை, பாதி அவர் பணத்தில் வாங்கியது. அவருடைய விதைநெல் அங்கே வேலிக்குள் கிடக்கிறது.

செலவைக் கீழே தள்ளிவிட்டு லாபம் காட்டினால் ஒரு நாள் அது மொத்தமாகத் திரும்பி வரும் என்பதை நாம் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறோம். சாயத்தண்ணீர் விவகாரத்தைச் சொல்கிறேன். சுத்திகரிப்புக்கு ஆக வேண்டிய செலவைப் பல வருடம் நொய்யலில் கொட்டினோம். ஒரத்துப்பாளையம் அணை விவசாயத்துக்காகக் கட்டியது, சாயக் குட்டையாகிப் போனது. கரையோர விவசாயிகளின் கிணறும் தென்னையும் கெட்டன. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட ஆலைகள். டையிங் நின்றதும் நிட்டிங் நின்றது, தையல் நின்றது. மஞ்சப்பையும் பெட்டியுமாக ஆட்கள் ஊருக்கு பஸ் ஏறியதை ஊரே பார்த்தது. அத்தனை வருடம் மிச்சப்படுத்தியதாக நினைத்த சுத்திகரிப்புச் செலவு, சில மாதங்களில் எத்தனை ஆயிரம் பேரின் வேலையாகப் போனது!

அதே விஷயத்தின் இரண்டாம் பாதியும் நமக்குச் சொந்தமானதுதான், அதையும் சொல்லாமல் விடக்கூடாது. வேறு வழியில்லாமல் பூஜ்ஜிய கழிவுநீர் வெளியேற்ற முறைக்கு மாறினோம். பொது சுத்திகரிப்பு நிலையங்களில் கோடிக்கணக்கில் பணம் போட்டோம், அரசும் வட்டியில்லாமல் கடன் கொடுத்தது. இன்று தண்ணீரில் பெரும் பகுதியைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறோம். அதைக் காட்டித்தான் ஐரோப்பிய பையரிடம் ஆர்டர் பேசுகிறீர்கள். அன்றைக்கு வெட்டிச் செலவு என்று முணுமுணுத்தது இன்றைக்கு உங்கள் கேட்டலாக்கில் முதல் பக்கம். நியாயமாகச் செய்ய வேண்டிய செலவைச் செய்துவிட்டு, அதற்கு மேல் சந்தையில் ஜெயித்து வருகிற லாபம் நிலைக்கிறது, வேலையையும் நிலைக்க வைக்கிறது.

ஜாப் ஒர்க் பாக்கி விஷயத்தில் ஒரு 2011 வருவதற்குள் நாமாகவே திருந்திவிடலாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

உங்களில் யாரைக் கேட்டாலும், ஆர்டர் இருக்கு, ஆள் இல்லை என்பதுதான் முதல் புலம்பல். அதனால்தான் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று ஆள் கூட்டி வருகிறோம். வரட்டும், அவர்களும் பிழைக்க வந்தவர்கள். ஆனால் இங்கேயே கைத்தொழில் தெரிந்த எத்தனை பெண்கள் குழந்தை பிறந்ததோடு மிஷினை விட்டு எழுந்து போனவர்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பிள்ளையை விட நல்ல இடமும், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சம்பளமும், இரவு எட்டரைக்கு மேல் கட்டாயப்படுத்தாத ஷிப்டும் இருந்தால் அவர்களில் பலர் திரும்பி வருவார்கள். பவர்டேபிள் நடத்துகிறவருக்கு இதெல்லாம் தெரியும், செய்யவும் ஆசை. உங்கள் பில் செக்‌ஷனிலிருந்து பணம் வராமல் அவரால் எதைச் செய்ய முடியும்? ஆள் பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு நாமே உண்டாக்கியது.

ஆள் சேர்ப்பதே லாபமாகக்கூடிய வழிகளும் இருக்கின்றன, அவற்றை நம் ஊர் போதிய அளவு தொடவில்லை. 80ஜேஜேஏஏ என்று சொல்லிப் பழகிய வருமான வரிச் சலுகை ஒன்று. தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனம் புதிதாகக் கூடுதல் ஆள் சேர்த்து, மாதம் 25,000 ரூபாய்க்குள் சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுத்து, பி.எஃப். பிடித்தால், அந்தக் கூடுதல் சம்பளத்தில் 30 சதவிகிதத்தை மூன்று வருடத்துக்கு வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். சம்பளம் வழக்கமான செலவாகக் கழிவது போக, அதற்கு மேல் இது. பெரும்பாலான தொழிலுக்கு வருடம் 240 நாள் வேலை நிபந்தனை, ஆடைத் தொழிலுக்கு 150 நாள் போதும். நூறு பேரை 15,000 ரூபாயில் சேர்த்தால் வருடச் சம்பளம் 1 கோடியே 80 லட்சம். அதில் 54 லட்சம் கழிவு. பங்குதாரர் நிறுவனத்துக்கு 30 சதவிகித வரியில் சுமார் 16 லட்சம் மிச்சம், மூன்று வருடமும். நமக்காகவே 150 நாளாக இறக்கிக் கொடுத்த சலுகை! பி.எஃப். பிடிக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக இதை ஒதுக்கிவிடுகிறோம். அதேபோல 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேர்க்கிற புது ஆட்களுக்கு, பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனாவில் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்கு வருகிறது. உற்பத்தித் தொழில் என்றால் நாலு வருடம். ஐம்பது பேருக்குக் குறைவாக இருக்கிற யூனிட் கூடுதலாக இரண்டு பேரைச் சேர்த்து ஆறு மாதம் வைத்திருந்தால் போதும். பவர்டேபிளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் அடுத்த வாரச் சம்பளத்துக்கே பைனான்ஸ்காரரைத் தேடுகிறவர், ஆறு மாதத்துக்கு ஆளை உறுதி செய்து பி.எஃப். கட்டுவது எப்படி? எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தப் பாக்கியில்தான் வந்து நிற்கிறது.

2025 ஆகஸ்ட் 27ல் அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டபோது நம் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அந்தச் சந்தையை நம்பியிருந்தோம். ஆர்டர்கள் நின்றன, பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். அந்த மாதங்களில் கம்பெனிகள் இரண்டு விதமாக நடந்துகொண்டதைப் பார்த்தேன். சிலர் தங்கள் லாபத்தை விட்டுக்கொடுத்து, ஐரோப்பா ஆர்டரையும், உள்நாட்டு வியாபாரம் நடக்கிற காதர்பேட்டை சரக்கையும் போட்டாவது தங்கள் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு வாரம் நாலு நாள் வேலை கொடுத்துக் காப்பாற்றினார்கள். சிலர் பையர் கேட்ட தள்ளுபடியை அப்படியே பீஸ் ரேட்டில் கழித்துவிட்டுக் கை கழுவினார்கள். முதலாமவர்களுக்கு நன்றி சொல்லவும் இந்த மடலைப் பயன்படுத்திக்கொள்கிறேன். அவர்களிடம் வேலை செய்த டைலர்கள் ஊருக்குப் போகவில்லை. அடுத்த ஆர்டர் வந்தபோது மிஷினில் உட்கார ஆள் தயாராக இருந்தது.

இனி நல்ல காலம் வர வாய்ப்பிருக்கிறது. 2025 ஜூலை 24ல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது, நம் ஆடைகளுக்கு அங்கே வரியில்லை என்பது அதன் பெரிய பலன். அப்படி வருகிற லாபத்தை என்ன செய்வது என்பதை வருவதற்கு முன்பே பேசி வைக்க வேண்டும்.

நான் கேட்பது உங்கள் தர்மசிந்தனையை நம்பி அல்ல. உங்கள் சங்கங்கள் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுச் செய்யக்கூடியவை. ஜாப் ஒர்க் பில்லை வாங்கும்போதே தேதி முத்திரை குத்திக் கொடுங்கள், அந்தத் தேதியிலிருந்து 45 நாளில் பணம் போய்விட வேண்டும். தையலுக்கு மட்டுமாவது, அதில் கூலிப் பங்கை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடுவியுங்கள், மீதியைக் கெடுவுக்குள் கொடுங்கள். தொழிலாளர் சம்பள ஒப்பந்தத்தில் கூலி ஏறுகிற அதே மாதம் பீஸ் ரேட்டும் அதே விகிதத்தில் ஏறட்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தத்தில் நீங்கள் போடுகிற கையெழுத்துக்குப் பவர்டேபிள்காரர் பணம் கட்டுகிறார். உத்யம் பதிவை ரத்து செய்யச் சொல்லும் உறுப்பினரைச் சங்கம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். டெபிட் நோட்டு போட்டால் எந்த பீஸில் என்ன குறை என்று பீஸைக் காட்டிப் போடுங்கள். இந்த ஐந்தில் முதலாவதையாவது வரும் பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிறுவனத்தின் பெயரையும் வெளியில் சொல்லாமல், நான் எழுதும் யூனிட்டுகளின் நிலுவைக் கணக்கை, அவர்கள் சம்மதத்தோடு, வாரவாரியாகக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைக்கத் தயாராக இருக்கிறேன். எந்த நாளில், எந்த அரங்கில் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பவர்டேபிள் கணக்கு எழுதுபவர்,
திருப்பூர்